பெயர் வந்த வழி: நெவில் குடியின் கொடிவழியும் இங்கிலாந்தின் வரலாறும்



மொழியியல் துறையைச் சார்ந்த ஒருவர், இடைக்கால இங்கிலாந்தின் பிரபுக் குடும்பம் ஒன்றின் கொடிவழியைப் பேசுபொருளாக எடுத்துக்கொள்வது ஏன் என்னும் வினா உங்களுள் சிலர்க்கு எழலாம். கொடிவழி வரலாற்றாசிரியரின் உடைமை என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆயினும் ஒரு கொடிவழியைப் பிரித்துப் பார்த்தால் அதில் இருப்பவை யாவை? இயற்பெயர், குடிப்பெயர், ஊர்ப்பெயர், பட்டப்பெயர், உறவுப்பெயர் ஆகிய ஐந்துமே. ஐந்தும் சொற்கள். சொற்களுக்குப் பிறப்பு உண்டு, இடப்பெயர்ச்சி உண்டு, பொருள் மாற்றமும் உண்டு. ஆதலின் கொடிவழியைச் சொல்லாராய்ச்சிக்கு உரிய ஆவணமாகவும் படிக்கலாம்.

அவ்வாறு படிப்பதற்கு நான் தேர்ந்துகொண்டது வட இங்கிலாந்தின் நெவில் குடி. இரண்டு மன்னர்களின் தாயும் ஓர் அரசியும் இக்குடியில் பிறந்தவர்கள். மன்னர்களை ஆக்குபவர் என்று பிற்காலத்தார் அழைத்த வாரிக் பிரபுவும் இக்குடியினரே. பாடநூல்களில் அச்சிடப்பெறும் கொடிவழிப் படம் தந்தையிலிருந்து மகனுக்கு ஒரு கோடு இழுத்துச் செல்லும். அக்கோட்டினை மட்டும் பின்பற்றுவோர், இக்குடிக்குப் பெயரும் நிலமும் பட்டமும் எவ்வழி வந்தன என்பதை அறிய இயலாது. அவற்றுள் மிகப் பெரும்பகுதி பெண்கள் வழியாக வந்தது. இன்றைய உரையில் நான் நிறுவ விரும்புவது இதுவே.

பெயர்களில் தெரியும் படையெடுப்பு

1066ஆம் ஆண்டில் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்றார். அதன்பின் ஆட்சி நிலம் அனைத்தும் பிரெஞ்சு பேசிய நார்மானியர் கைக்குப் போயிற்று என்பது பொதுவான செய்தி. வடபுலத்தில் சில பழங்குடிகள் தம் நிலத்தோடு நீடித்தன. 1131இல் டர்ஹம் மடத்துத் தலைவர், உக்ட்ரெட் என்பாரின் மகன் டால்ஃபின் என்பார்க்கு ஸ்டெயின்ட்ராப் நிலப்பகுதியை வழங்கினார். நெவில் குடியின் ஆண்வழி முன்னோரை நாம் தெளிவாகக் காண்பது இங்கேதான்.

அவ்வழியின் பெயர்களை வரிசைப்படுத்துவோம். உக்ட்ரெட், டால்ஃபின், மால்ட்ரெட், ராபர்ட், ஜெஃப்ரி. உக்ட்ரெட் என்பது பழைய ஆங்கிலப் பெயர். டால்ஃபின் ஸ்காண்டிநேவியக் குடியேறிகள் கொணர்ந்த வடமொழிகளின் பெயர். மால்ட்ரெட் என்பதும் வடபுலத்துக்கே உரிய பழைய பெயர்தான். அதற்கு அடுத்த தலைமுறையில் ராபர்ட் என்னும் பெயர் வருகிறது, அதன்பின் ஜெஃப்ரி. இவை நார்மானியர் பரப்பிய பெயர்கள். குருதி மாறவில்லை, நிலமும் மாறவில்லை. குழந்தைக்குப் பெயர் வைக்கும் கை மட்டும் மாறியிருக்கிறது. வென்றவரின் மொழி தோற்றவரின் தொட்டிலுக்குள் வந்து சேர மூன்று நான்கு தலைமுறைகள் பிடித்தன என்பதை இவ்வைந்து பெயர்களே காட்டுகின்றன.

ராபர்ட்டை ஆவணங்கள் ராபர்ட் ஃபிட்ஸ் மால்ட்ரெட் என்று குறிக்கின்றன. ஃபிட்ஸ் என்பது மகன் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் பழைய வடிவம், இலத்தீனில் ஃபிலியஸ். மலேசிய அடையாள அட்டைகளில் நம் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையே நிற்கும் ‘அனாக் லெலாக்கி’ என்னும் மலாய்த் தொடர் செய்யும் பணியும் அதுவே. இம்முறையில் தலைமுறைதோறும் பின்பெயர் மாறும். ராபர்ட்டின் மகன் ஜெஃப்ரி, ஃபிட்ஸ் ராபர்ட் ஆவார். அவர் மகன் ஃபிட்ஸ் ஜெஃப்ரி ஆகவேண்டும். ஆனால் அவ்வாறு நிகழவில்லை.

ராபர்ட் மணந்த பெண் இசபெல் டி நெவில். அவருடைய உடன்பிறந்தார் ஹென்றி 1227இல் பிள்ளையின்றி மறைந்தார். நெவில் குடியின் நிலங்கள் இசபெல்லைச் சேர்ந்தன. அவர் மகன் ஜெஃப்ரி தந்தைவழிப் பெயரை விடுத்துத் தாயின் குடிப்பெயரை ஏற்றார். அன்று முதல் ஸ்டெயின்ட்ராப், ரேபி ஆகியவற்றின் தலைவர்கள் நெவில்கள் ஆயினர். நார்மானியக் குடி என்று உலகம் அறிந்த நெவில்கள், ஆண்வழியில் வட இங்கிலாந்தின் பழங்குடியினர்.

நெவில் என்னும் சொல்லுக்குப் பொருள் என்ன? நார்மண்டியில் உள்ள ஊர்ப்பெயர் அது. ‘நியூ’ என்பது புதிது. ‘வில்’ என்பது ஊர். நம் மொழியில் நேராகச் சொன்னால் புத்தூர். இசபெல்லின் முன்னோர் புத்தூரார், அவ்வளவே. இதில் காலமும் கருதத்தக்கது. 1204இல் ஜான் மன்னர் நார்மண்டியைப் பிரெஞ்சு அரசரிடம் இழந்தார். கடலுக்கு அப்பாலிருந்த அவ்வூர்களோடு இங்கிலாந்துப் பிரபுக்களுக்கு இருந்த ஆட்சித் தொடர்பு அற்றுப்போயிற்று. ஊர் கைவிட்டுப் போன பின்னரே அவ்வூரின் பெயரை ஆங்கில வேர்கொண்ட குடி ஒன்று சூடிக்கொண்டது. நிலத்தின் அடையாளமாக இருந்த சொல், மதிப்பின் அடையாளமாகிவிட்டது.

நிலம் வந்த வழி

பெயரோடு இசபெல் கொணர்ந்தவை பிரான்ஸ்பெத், ஷெரிஃப் ஹட்டன் ஆகிய ஊர்கள். அவையும் நெவில் ஆடவர் ஈட்டியவை அல்ல; இசபெல்லின் தாய் எம்மா, தம் தந்தை பெர்ட்ரம் டி புல்மரிடமிருந்து பெற்றவை. ஜெஃப்ரியின் பேரன் ராபர்ட் மிடில்ஹம் கோட்டைக்கு உரியவரான மேரியை மணந்தார். 1320இல் மறைந்த அம்மையாரின் உடைமையாகவே மிடில்ஹம் இக்குடிக்கு வந்தது. பிற்காலத்தில் மூன்றாம் ரிச்சர்டு இளமையில் பயிற்சி பெற்றதும் வடபுலத்தை ஆண்டபோது தங்கியதும் அக்கோட்டையில்தான்.

இனி நாட்டு வரலாற்றுக்கு வருவோம். 1346இல் மூன்றாம் எட்வர்டு மன்னர் கலே நகரை முற்றுகையிட்டுப் பிரான்சில் இருந்தார். அவ்வேளை பார்த்து ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் டேவிட் வடக்கில் படையெடுத்தார். அக்டோபர் 17ஆம் நாள் டர்ஹம் அருகே அவரை எதிர்கொண்ட தலைவர்களுள் ரால்ஃப் நெவில் ஒருவர். ஸ்காட்லாந்து மன்னர் சிறைப்பட்டார். அப்போர்க்களம் நெவிலின் சிலுவை என்று பொருள்படும் பெயரால் இன்றும் வழங்குகிறது. நார்மண்டியின் புத்தூர், ஆள் பெயராகி, வட இங்கிலாந்தில் மீண்டும் ஓர் இடப்பெயர் ஆயிற்று.

இந்த ரால்ஃப் 1367 வரை வாழ்ந்தார். அவர் வாழ்நாளிலேயே, 1362இல், வழக்குமன்றங்களில் ஆங்கிலத்தில் வாதிடவேண்டும் என்று சட்டம் இயற்றப்பட்டது. 1399இல் நான்காம் ஹென்றி அரியணைக்குத் தம் உரிமையை நாடாளுமன்றத்தின் முன் ஆங்கிலத்திலேயே கூறினார். அவ்வேளையில் அவர் பக்கம் நின்ற வடபுலத் தலைவர்களுள் மேற்சொன்ன ரால்ஃபின் பேரனும் ஒருவர். அவர் பெயரும் ரால்ஃப். 1397இல் வெஸ்ட்மர்லண்ட் பகுதியின் ஏர்ல் என்னும் பட்டத்தைப் பெற்றவர்.

ஏர்ல் என்னும் பட்டச்சொல்லில் ஒரு நுட்பம் உண்டு. நார்மானியர் தம் மொழியின் பட்டங்களைக் கொணர்ந்தபோதும், கவுண்ட் என்பதற்கு ஈடாக ஏர்ல் என்னும் பழைய சொல்லை அப்படியே விட்டுவைத்தனர். ஆனால் ஏர்லின் மனைவிக்குப் பழைய ஆங்கிலத்தில் தனிப் பட்டச்சொல் இல்லாமையால் பிரெஞ்சுவழிச் சொல்லாகிய கவுண்டெஸ் நிலைத்தது. ஆகவே இன்றளவும் ஆங்கிலத்தில் கணவன் ஏர்ல், மனைவி கவுண்டெஸ். ஒரே இல்லத்தில் ஆண்பாற்பெயர் வென்றவரின் மொழிக்கு உரியதன்று. பெண்பாற்பெயர் மட்டும் அம்மொழிக்கு உரியது.

முதல் மனைவி, இரண்டாம் மனைவி

ஏர்ல் ரால்ஃபுக்கு முதல் மனைவி மார்கரெட் ஸ்டாஃபோர்டு. அவர் மறைந்தபின் மணந்தவர் ஜோன் போஃபோர்ட். ஜோன், கான்ட் நகரத்து ஜான் என்னும் அரச குமாரருக்கும் கேத்தரின் ஸ்வின்ஃபோர்டு அம்மையாருக்கும் பிறந்தவர். நான்காம் ஹென்றிக்குத் தந்தைவழித் தங்கை. இருவர்வழியும் ரால்ஃபுக்கு இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். 1425இல் அவர் இறந்தபோது பட்டம் முதல் மனைவியின் பேரனுக்குச் சென்றது. மிடில்ஹமும் ஷெரிஃப் ஹட்டனும் இரண்டாம் மனைவியின் மூத்த மகன் ரிச்சர்டுக்குச் செல்லும்படி ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. பட்டம் ஓரிடத்தும் செல்வம் மற்றோரிடத்தும் பிரிந்த அப்பூசல் 1443 வரை நீண்டது.

ஜோன் தம் பிள்ளைகளுக்குச் செய்துவைத்த மணங்கள் அக்கால அரசியலின் வரைபடம் எனலாம். மகள்களுள் ஒருவர் நார்ஃபோக் பிரபுவையும், ஒருவர் நார்தம்பர்லண்ட் பிரபுவையும், ஒருவர் பக்கிங்ஹம் பிரபுவையும் மணந்தனர். 1415இல் பிறந்த இளைய மகள் செசிலி யார்க் கோமகனை மணந்தார். மூத்த மகன் ரிச்சர்டு, ஆலிஸ் மாண்டகு அம்மையாரை மணந்து சாலிஸ்பரியின் ஏர்ல் ஆனார். அவர் மகனாகிய மற்றொரு ரிச்சர்டு, ஆன் போஷம் அம்மையாரை மணந்து 1449இல் வாரிக்கின் ஏர்ல் ஆனார். வரலாறு அறிந்த வாரிக் என்னும் பெயர் அவர் மனைவி கொடுத்த பெயர்.

1455இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் நெவில்கள் இரு பக்கமும் நின்றனர். இளைய கிளை யார்க் பக்கம். மூத்த கிளை லங்காஸ்டர் பக்கம். 1460 டிசம்பர் 30இல் நடந்த வேக்ஃபீல்டு போரில் யார்க் கோமகன் மாண்டார். சிறைப்பட்ட சாலிஸ்பரி பிரபு கொல்லப்பட்டார். மறு ஆண்டு மார்ச்சில் டவுட்டன் போரையொட்டி மூத்த கிளையின் ஜான் நெவில் உயிரிழந்தார். செசிலியின் மகன் நான்காம் எட்வர்டாக முடிசூடினார்.

கசின் என்னும் சொல்

வாரிக்குக்கும் எட்வர்டுக்கும் என்ன உறவு? ஆங்கில நூல்கள் கசின் என்று சொல்லி அமையும். தமிழில் எழுதுவோர் ‘ஒன்றுவிட்ட சகோதரர்’ என்று பெயர்த்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். அது பொருந்தாது. வாரிக்கின் தந்தை சாலிஸ்பரியும் எட்வர்டின் தாய் செசிலியும் உடன்பிறந்தோர். ஆகவே எட்வர்டு, வாரிக்குக்கு அத்தை மகன். வாரிக், எட்வர்டுக்கு மாமன் மகன்.

பழைய ஆங்கிலத்தில் இத்தகைய வேறுபாடு உறவுச்சொற்களில் இருந்தது. தந்தையின் உடன்பிறந்தானுக்கு ஃபெடெரா என்றும், தாயின் உடன்பிறந்தானுக்கு ஏயம் என்றும் தனித்தனிச் சொற்கள். நார்மானியர் வருகைக்குப் பின் தந்தை, தாய், மகன், மகள், உடன்பிறந்தோர் ஆகியோரைக் குறிக்கும் சொற்கள் ஆங்கிலமாகவே நிலைத்தன. அவ்வட்டத்துக்கு அப்பாற்பட்ட அங்கிள், ஆன்ட், நெஃப்யூ, நீஸ், கசின் ஆகியவை பிரெஞ்சிலிருந்து வந்தன. இவற்றுள் அங்கிள் என்பதன் இலத்தீன் மூலம் தாய்மாமனை மட்டும் குறித்தது. ஆன்ட் என்பதன் மூலம் தந்தையின் உடன்பிறந்தாளை மட்டும் குறித்தது. மூலமொழியிலிருந்த எல்லைகள் அழிந்து, இருபக்கத்து உறவும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1464இல் எட்வர்டு, எலிசபெத் உட்வில் அம்மையாரை மறைவாக மணந்தார். பிரெஞ்சு மண உறவுக்கு முயன்றுகொண்டிருந்த வாரிக் மனம் கசந்தார். 1469இல் தம் மூத்த மகள் இசபெல்லை எட்வர்டின் தம்பி கிளாரன்ஸ் கோமகனுக்கு மணமுடித்தார். மறு ஆண்டு லங்காஸ்டர் பக்கம் சென்று, இளைய மகள் ஆனை ஆறாம் ஹென்றியின் மகனுக்குக் கொடுத்து, ஹென்றியை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். 1471 ஏப்ரல் 14இல் பார்னட் போரில் தம் அத்தை மகனின் படைக்கு எதிரே வாரிக் வீழ்ந்தார். ஆனின் கணவரும் மே மாதம் டூக்ஸ்பரி போரில் மாண்டார். பின்னர் ஆன், எட்வர்டின் கடைசித் தம்பி ரிச்சர்டை மணந்தார். அவரே 1483இல் மூன்றாம் ரிச்சர்டு ஆனவர்.

இவ்விரு சகோதரியரும் தம் கணவருக்கு மாமன் மகனின் மகள்கள். திருச்சபைச் சட்டம் நெருங்கிய குருதி உறவில் மணத்தைத் தடுத்தது. தாய்வழி, தந்தைவழி என்ற பாகுபாடு அதற்கு இல்லை. ஆதலின் திருத்தந்தையின் சிறப்பு அனுமதி வேண்டியிருந்தது. தமிழ் உறவுமுறையிலோ மாமன் மகன் மைத்துனன். மைத்துனன் மகள் கட்டிக்கொள்ளும் முறையினள். ஒரே உறவு ஒரு கணக்கில் தடையாகவும் மற்றொரு கணக்கில் முறையாகவும் அமைகிறது. கசின் என்னும் ஒரு சொல்லை நம் மொழிக்குக் கொணரும்போது எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

உயிரோடிருந்தும் இறந்தவர்

வாரிக் இறந்தபின் அவர் மனைவி ஆன் போஷம் பியூலி மடத்தில் அடைக்கலம் புகுந்திருந்தார். வாரிக் பட்டமும் அதன் பெருநிலமும் கணவர் ஈட்டியவை அல்ல; அம்மையாரின் பிறப்புரிமை. எனவே கணவரின் கிளர்ச்சிக்காக அவற்றைப் பறிப்பது எளிதன்று. மருமகன்களாகிய கிளாரன்சும் ரிச்சர்டும் அந்நிலத்தைத் தமக்குள் பங்கிட விரும்பினர். 1474இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அம்மையார் இயல்பாக இறந்துவிட்டார் என்று கொண்டால் எவ்வாறு நிலம் மகள்களைச் சேருமோ, அவ்வாறே சேரலாம் என்பது அதன் சாரம்.

அதற்கு முன் அம்மையார் நாடாளுமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பியிருந்தார். எழுத்தர் இன்மையால் மன்னர்க்கும் மற்றையோர்க்கும் தம் கைப்படவே மடல்கள் எழுதியதாக அதில் கூறுகிறார். அவர் 1492 வரை உயிரோடிருந்தார். கணவர், இரு மகள்கள், இரு மருமகன்கள் ஆகிய அனைவரும் அவருக்கு முன்பே மாண்டனர். 1487இல் ஏழாம் ஹென்றி நிலங்களை அவரிடம் திருப்பி அளித்தார். அவற்றை அரசுக்கே அம்மையார் எழுதிக்கொடுக்கும் பொருட்டு அளித்தார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். கொடிவழிப் படத்தில் வாரிக்கின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு குறியாக நிற்கும் பெண்ணின் வரலாறு இது.

இக்குடியின் கொடிவழியை அக்காலத்திலேயே எழுதியவர் ஒருவர் உண்டு. வாரிக் அருகே வாழ்ந்த ஜான் ரவுஸ் என்னும் பாதிரியார், வாரிக் பிரபுக்களின் வரலாற்றைப் படங்களோடு தோற்சுருள்களில் எழுதினார். ஒன்று ஆங்கிலத்தில், மற்றொன்று இலத்தீனில். மூன்றாம் ரிச்சர்டு ஆண்டபோது எழுதியமையால் அவரைப் போற்றி எழுதினார். 1485 ஆகஸ்டு 22இல் ரிச்சர்டு பாஸ்வொர்த் களத்தில் மாண்டு டூடர் ஆட்சி வந்ததும், தம் கையிலிருந்த இலத்தீன் சுருளில் அப்பகுதியை மாற்றிவிட்டார். ஆங்கிலச் சுருள் அவர் கையை விட்டுப் போயிருந்தமையால் பழைய புகழுரை அதில் அப்படியே தங்கிவிட்டது. கொடிவழி என்பது எழுதப்பட்ட நாளின் அரசியலையும் சுமந்து நிற்கும் என்பதற்கு இவ்விரு சுருள்களே சான்று.

கோடு அறுந்த இடமும் தொடர்ந்த இடமும்

மூத்த கிளையின் முடிவு எலிசபெத் அரசியின் காலத்தில் வந்தது. 1569இல் வடபுலப் பிரபுக்கள் கத்தோலிக்க நெறியை மீட்கக் கிளர்ந்தனர். ஆறாவது ஏர்லாகிய சார்லஸ் நெவில் அதன் தலைவர்களுள் ஒருவர். கிளர்ச்சி முறிந்தது, அவர் கடல் கடந்து தப்பினார், 1571இல் பட்டமும் நிலமும் சட்டப்படி பறிக்கப்பட்டன, 1601இல் அயல்நாட்டிலேயே இறந்தார். ரேபி கோட்டை அரசுக்குச் சென்று, பின்னர்ப் பிறர் கைக்கு மாறியது.

படத்தில் இங்கே கோடு நிற்கும். ஆனால் 1624இல் வெஸ்ட்மர்லண்ட் ஏர்ல் பட்டம் புதிதாக ஒருவர்க்கு வழங்கப்பட்டது. அவர் ஃபிரான்சிஸ் ஃபேன். அவர் தாய், ஜோனின் கடைசி மகன் எட்வர்டின் வழிவந்த மேரி நெவில். பட்டமும் தாய்வழி திரும்பிற்று. செசிலியின் பேத்தி, யார்க்கின் எலிசபெத், ஏழாம் ஹென்றியை மணந்தார். அவர்தம் வழியினரே அதன்பின் அரியணையில் அமர்ந்தோர். இன்றைய மன்னரும் அவ்வழியினரே.

நிறைவாக அறிவியல் தந்த சான்று ஒன்று. 2012இல் லெஸ்டர் நகரில் ஒரு வாகன நிறுத்துமிடத்தின் அடியில் எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது. அது மூன்றாம் ரிச்சர்டுதானா என்பதை அறிய மரபணுச் சோதனை செய்தனர். தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் ஒய் நிறப்புரி, ஆண்வழியினர் என ஆவணங்கள் காட்டிய இன்றைய உறவினரோடு ஒத்துவரவில்லை. இடைப்பட்ட தலைமுறைகளில் எங்கோ ஆண்வழிக் கோடு அறுந்திருக்கிறது. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணு, ரிச்சர்டின் தமக்கை ஆனிலிருந்து மகள்வழியாகவே இறங்கிவந்த இன்றைய இருவரோடு ஒத்தது. அந்த மரபணு கேத்தரின் ஸ்வின்ஃபோர்டிடமிருந்து ஜோனுக்கும், ஜோனிடமிருந்து செசிலிக்கும், செசிலியிடமிருந்து அவர் பிள்ளைகளுக்கும் வந்தது. படத்தில் தடித்த மையால் இழுத்த கோடு பொய்த்தது. புள்ளிகளாக விடப்பட்ட கோடு மன்னரை அடையாளம் காட்டியது. 2015 மார்ச்சில் லெஸ்டர் பேராலயத்தில் அவர் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டார்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பறையில் எந்நாட்டு அரச குடியின் கொடிவழியைக் கற்பிக்கும்போதும் மூன்று வினாக்களை மாணவரிடம் கேளுங்கள். இப்பெயர் எம்மொழிச் சொல், எப்போது இக்குடிக்கு வந்தது? இந்நிலம் யார் கொணர்ந்தது? இவ்வுறவைக் குறிக்க நம் மொழியில் உள்ள சரியான சொல் எது? இம்மூன்றையும் கேட்கும் மாணவர், படத்தில் பெயர் எழுதப்படாமல் விடப்பட்டவர்களைத் தாமே தேடத் தொடங்குவர். இசபெல் டி நெவிலைப் பற்றி நமக்குக் கிடைப்பவை சில ஆவணக் குறிப்புகளே. அவர் கொண்டுவந்த பெயர், எட்டு நூற்றாண்டு கழிந்தும் இங்கிலாந்தில் வழங்குகிறது.